துக்கம் விசாரிக்க எந்த வீட்டுக்குப் போவது?

காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. சாலை வருவதற்கு முன்பு உப்பு, துணி, மருந்து எல்லாமே தலைச்சுமையாகத்தான் மேலே ஏறின. எந்த வளைவும் ஏறாமல், யார் தலையிலும் சுமத்தாமல் மலைக்கு வந்து சேர்ந்தது வானொலிக் குரல் ஒன்றுதான். கொல்லிமலையில் ‘நாடு’ என்று அழைக்கப்படும் 14 ஊர்த் தொகுதிகளில் ஒன்றான எடப்புளி நாட்டில் மிளகுக் கொடிக்கும் பலா மரத்துக்கும் நடுவே வாழ்கிறவர்களில் எத்தனை பேர் சேப்பாக்கம் மைதானத்தை நேரில் பார்த்திருப்பார்கள்? ஆனால் பேட்டரி போட்ட டிரான்சிஸ்டரோடு வளர்ந்த தலைமுறைக்குச் சேப்பாக்கத்தில் ஒரு பக்கம் அண்ணா பெவிலியன் முனை, மறுபக்கம் பட்டாபிராமன் முனை என்பது தெரியும். பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

வானொலியில் அப்படித் தமிழில் கிரிக்கெட் வர்ணனை சொன்னவர்களில் ஒருவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். 2020 டிசம்பரில் காலமானார்.

மலையில் ஒரு சாவு என்றால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போவார்கள். போய்ப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. செத்தவர் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தால் போதும், துக்கம் கேட்ட கணக்கில் வந்துவிடும். போகாவிட்டால்தான் பேச்சு வரும். ஊருக்குள் ஒரு சாவை இப்படித்தான் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஆனால் இருபது, முப்பது வருடங்கள் நம் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்த ஒருவர், நாம் முகம் பார்த்திராத ஒருவர் போய்விட்டால், துக்கம் விசாரிக்க எந்த வீட்டுக்குப் போவது?

ஜப்பார் மறைந்த நேரமும் அப்படி. செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பாலசுப்ரமணியம் போயிருந்தார். கொரோனா காலம், சாவு வீட்டுக்குப் போவதே குற்றம் மாதிரி இருந்த மாதங்கள். சாத்தான்குளம் என்ற பெயரைக் கேட்டால் அந்த ஆண்டு எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது, ஜூனில் காவல்துறையின் பிடியில் சித்திரவதைக்கு ஆளாகி உயிரிழந்த ஜெயராஜும் பென்னிக்ஸும்தான். கிரிக்கெட் பக்கம் போனால் டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் இந்திய அணி 36 ரன்னுக்குச் சுருண்டிருந்தது. அதே மாதம் 2-ம் தேதி கான்பெராவில் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்காக முதல் முறையாகப் பந்து வீசியிருந்தார். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய கிராமத்துப் பையன் இந்தியத் தொப்பியோடு நின்றதை மேற்கு மாவட்டங்கள் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். அப்படிப்பட்ட கிராமங்களுக்கு முதன்முதலில் கிரிக்கெட்டைத் தமிழில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் ஒருவர் அதே மாதம் விடைபெற்றார். அரசியல் தலைவர்கள் இரங்கல் சொன்னார்கள். பத்திரிகைகள் செய்தி போட்டன. அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் கைபேசியில் நாலு வரி எழுதிக்கொண்டார்கள். அத்தோடு முடிந்தது.

எஸ்.பி.பி. போன துக்கத்துக்கு மருந்து இருக்கிறது. பாட்டைப் போட்டால் ஆள் வந்துவிடுகிறார். ஜப்பாருக்கு அது இல்லை. நேர்முக வர்ணனை ஒரு முறை சொல்லி, அந்த நொடியே காற்றில் போய்விடுவது. மறு ஒலிபரப்பு கிடையாது. கேசட் கடையில் விற்கவும் இல்லை. அவருடைய ரசிகன் கையில் இருப்பது ஞாபகம் ஒன்றுதான்.

இந்தக் கட்டுரைக்குக் காரணமும் அதுதான்.

ஜப்பார் அடிப்படையில் நாடகக்காரர், வானொலி நாடகக்காரர். முகம் தெரியாமல் குரலால் மட்டும் கோபத்தையும் ஏக்கத்தையும் காட்டிப் பழகியவர். 1980-ல் சேப்பாக்கத்தில் தமிழ்நாடும் கேரளாவும் ஆடிய போட்டியில் தமிழ் வர்ணனைக்கு வந்தார். ராமமூர்த்தி, கூத்தபிரான், ஜப்பார் என்று அடுக்கிச் சொல்வது அன்றைய ரசிகர்களுக்கு ஒரு பழக்கம். கூத்தபிரான் ஏற்கெனவே குழந்தைகளுக்கு ‘வானொலி அண்ணா’. கிரிக்கெட் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தபோது, நாடகத்திலும் நிகழ்ச்சிகளிலும் குரல் பழகியவர்களை வர்ணனைக்கு உட்கார வைத்தது வானொலியின் புத்திசாலித்தனம் என்றே சொல்வேன்.

ஏன் என்றால், தமிழில் கிரிக்கெட் சொல்வது லேசான காரியம் கிடையாது. மட்டையாளர், பந்து வீச்சாளர், எல்லைக்கோடு என்று சொற்களைத் தேடுவது ஒரு வேலை. அது எப்படியோ நடந்துவிடும். பெரிய சிக்கல் வாக்கியத்தில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். பந்து வீசப்பட்டு, மட்டையில் பட்டு, மிட் ஆஃப் திசையில், தரையோடு தரையாக, துரத்துகிற ஆட்டக்காரரைத் தாண்டி, எல்லைக்கோட்டை... என்று எல்லாம் வந்து நிற்கும்; தொட்டதா, தொடவில்லையா என்பது கடைசிச் சொல்லில்தான். பந்து போகிற வேகத்துக்கு வாக்கியமும் போக வேண்டும். முன்னால் முடித்தால் பொய்யாகிவிடும். பின்னால் முடித்தால் கூட்டத்தின் இரைச்சல் விடையைச் சொல்லிவிடும். வினைமுற்றைத் தொண்டையிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, பந்து கோட்டைத் தொடும்போது அவிழ்த்துவிடத் தெரிய வேண்டும். நாடக மேடையில் வசனத்தை எங்கே நிறுத்துவது என்று பழகியவருக்குத்தான் அது கைகூடும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் ஆட்டத்தின் பங்கு பாதி, தமிழ் இலக்கணத்தின் பங்கு பாதி.

அந்த மைதானமும் சும்மா இல்லை. 1986 செப்டம்பரில் இந்தியா – ஆஸ்திரேலியா டெஸ்ட் சமனில், அதாவது இரண்டு பக்கமும் ஒரே ரன்னில் முடிந்தது சேப்பாக்கத்தில். அப்போது டெஸ்ட் வரலாற்றிலேயே அப்படி நடப்பது இரண்டாவது தடவை. 1987 உலகக் கோப்பையில் அதே ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். 1988 பொங்கலை ஒட்டி நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தார். 1999-ல் முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 அடித்தும் 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றபோது மொத்த அரங்கமும் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டியது. பொங்கல் விடுமுறை, கரும்பு, சேப்பாக்கம் டெஸ்ட் மூன்றும் சேர்ந்தே வந்த ஒரு காலம் தமிழ்நாட்டுக்கு இருந்தது.

மலைக்காரர்களுக்கு இதில் ஒரு தனி விஷயம் உண்டு. கொல்லிமலையில் சமதளம் என்பதே அபூர்வம். பசங்கள் ஆடுகிற இடத்தில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கம் அடித்தால் பந்தைத் தேடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். வட்டமாக, பச்சையாக, தட்டையாக ஒரு மைதானம் இருக்க முடியும் என்பதையே ஒருவர் வாயால் சொல்லித்தான் கேட்க வேண்டியிருந்தது. ‘ஆடுகளம் வறண்டிருக்கிறது, கடல் பக்கத்திலிருந்து காற்று வருகிறது’ என்று யாரோ மெரினா பக்கத்திலிருந்து சொல்ல, ஆயிரம் மீட்டருக்கு மேலே பனியில் போர்வை போர்த்திக்கொண்டு ஒருவர் அதைக் கேட்பார். தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உறவு புரிவது கஷ்டம். அவர்களுக்கு வர்ணனையாளர் கூட உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவர். வானொலிக்காரனுக்கு அவர்தான் கண்.

இந்த மலைக்கு வர்ணனை புதிதும் இல்லை. சங்க காலத்தில் கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒற்றை அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததைப் புறநானூற்று 152-ம் பாடலில் வன்பரணர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அம்பு போகிற வழியிலேயே பாட்டும் போகிறது. கொல்லிமலையின் முதல் நேர்முக வர்ணனை அதுதான் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. விளையாட்டை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. ஓரியின் வில் போய்விட்டது, அவனைக் கொன்ற மலையமான் காரியும் போய்விட்டான். ஆடி 18-ஐ ஒட்டிச் செம்மேட்டில் இன்றும் அரசு விழா எடுத்து வில்வித்தைப் போட்டி நடத்துகிறது என்றால், பார்த்தவர் சொன்னதை யாரோ மனப்பாடம் செய்து, யாரோ ஓலையில் எழுதி, யாரோ அச்சில் ஏற்றி வைத்ததால்தான்.

*

வானொலிக் குரல் ஒன்றுக்கு வேறொரு ஊர் எப்படித் துக்கம் கேட்டது என்பதற்கு, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் 2010 மே மாதம் நடந்ததைப் பார்ப்போம். அங்கே பேஸ்பால் ஆட்டம் பிரபலம். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். டைகர்ஸ் என்ற உள்ளூர் அணிக்கு எர்னி ஹார்வெல் என்பவர் வானொலி வர்ணனையாளர். 1960-ல் வந்தவர். 1991-ம் ஆண்டோடு அவரைப் போகச் சொன்னார்கள், ஊர் கொதித்தது. அணி கைமாறியதும் புது முதலாளி செய்த முதல் காரியங்களில் ஒன்று, 1993-ல் ஹார்வெல்லைத் திரும்பக் கூப்பிட்டது. 2002 வரை பேசினார். 2010 மே 4 அன்று 92 வயதில் இறந்தபோது அவர் உடலை அணியின் சொந்த மைதானத்தில், அவருடைய சிலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இரவு முழுவதும் கதவு திறந்திருந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். துக்கம் கேட்க அவர்களுக்கு ஒரு வாசல் இருந்தது.

பேஸ்பால் வர்ணனையாளர்மேல் ஏன் இவ்வளவு பாசம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை கிட்டத்தட்ட தினம் ஒரு ஆட்டம், தினம் அதே குரல். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக வின் ஸ்கல்லி 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் பேசினார். அணி புரூக்ளினிலிருந்து 1958-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தபோது முதல் சில ஆண்டுகள் ஆடிய அரங்கம் மிகப் பெரியது. கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கு ஆட்டமே சரியாகத் தெரியாது. ஆட்டத்தை நேரில் பார்க்க வந்தவர்களே டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு ஸ்கல்லியைக் கேட்டார்கள். 1960-ல் ஒரு நாள், நடுவருக்கு இன்று பிறந்தநாள், நான் மூன்று எண்ணியதும் எல்லோரும் சத்தமாக வாழ்த்துங்கள் என்று வானொலியில் சொன்னார். எண்ணினார். மொத்த அரங்கமும் வாழ்த்தியது. நடுவர் திகைத்துப்போனார். 2022 ஆகஸ்ட் 2 அன்று 94 வயதில் ஸ்கல்லி மறைந்தபோது, அவர் பெயரையே தாங்கிய தெருவில் இருக்கும் மைதான வாசலில் பூக்கள் குவிந்தன.

நமக்கு ஸ்கல்லியைவிட நெருக்கமானவர் அதே அணியின் இன்னொரு குரல். ஈக்வடார் நாட்டிலிருந்து பிழைக்கப் போன ஹைமே ஹரின், 1959-ல் ஸ்பானிய மொழியில் பேஸ்பால் சொல்ல உட்கார்ந்தார். பிறந்த ஊரில் அந்த ஆட்டத்தையே பார்த்திராதவர். தொடக்க ஆண்டுகளில் வெளியூர் ஆட்டத்துக்கு ஸ்பானியக் குழுவை அனுப்ப மாட்டார்கள். ஸ்கல்லியின் ஆங்கில வர்ணனையைக் காதில் வாங்கிக்கொண்டு ஸ்டுடியோவிலிருந்தே ஸ்பானியத்தில் சொல்ல வேண்டும். அப்படி ஆரம்பித்து 2022 வரை 64 பருவங்கள் பேசினார். ஆங்கிலம் தெரியாத, தோட்டத்திலும் சமையற்கட்டிலும் வேலை செய்த லட்சக்கணக்கான குடியேறிகளை அந்த அணியின் ரசிகர்களாக்கியதில் அவர் குரலுக்குப் பெரும் பங்கு உண்டு.

எடப்புளி நாட்டுக்காரருக்கு இந்தக் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆங்கில வர்ணனையும் இந்தி வர்ணனையும் மாறி மாறி வந்துகொண்டிருந்த வானொலிப் பெட்டியில், ஸ்கோர் எவ்வளவு என்பதற்கு மேல் எதுவும் புரியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தமிழ் வர்ணனை என்ன செய்தது என்பது அவர்களுக்கே தெரியும். இத்தனைக்கும் நம்மவர்களுக்கு 162 நாள் கிடைக்கவில்லை. சென்னையில் ஆட்டம் நடந்தால் ஆண்டுக்குச் சில நாட்கள். அதிலும் மாறி மாறித்தான் மைக். அந்தச் சில நாட்களை வைத்தே ஒரு தலைமுறையின் காதில் குடியேறினார்கள். என் தராசில் இது ஸ்கல்லி செய்ததற்குச் சளைத்த காரியம் இல்லை.

ஜப்பாரின் குரல் கடலையும் தாண்டியது. 1999 உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தபோது லண்டன் ஐ.பி.சி. தமிழ் வானொலிக்காக வர்ணனை செய்தார். கேட்டவர்களில் பெரும்பகுதி போரிலிருந்து தப்பிப்போன ஈழத்தமிழர்கள். அப்போது உலகக் கோப்பையைக் கையில் வைத்திருந்த அணி இலங்கை. எந்த அணிக்குக் கைதட்டுவது என்பதே அவர்களில் பலருக்குச் சங்கடமான கேள்வியாக இருந்திருக்கும். எந்த மொழியில் கேட்பது என்பதில் சங்கடம் இல்லை. பிறகு வன்னிக்குப் போய் விடுதலைப் புலிகளின் தலைவரைச் சந்தித்த அனுபவத்தை ‘அழைத்தார் பிரபாகரன்’ என்ற நூலாக எழுதினார். கிரிக்கெட் சொல்ல வந்த ஒரு குரலுக்கு இப்படியும் கதவுகள் திறந்தன.

*

இப்போது வலிக்கிற இடத்துக்கு வருவோம்.

1965 செப்டம்பர் 9 இரவு, சாண்டி கூஃபாக்ஸ் என்ற பந்து வீச்சாளர் எதிரணியில் ஒருவரைக்கூட ஓடவிடாமல் ஆட்டத்தை முடிக்கும் நிலையில் இருந்தார். அபூர்வமான சாதனை. கடைசிக் கட்டத்தைப் பதிவு செய்யுங்கள் என்று ஸ்கல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார், வீச்சாளருக்கே நினைவுப் பரிசாகக் கொடுப்பதற்காக. பேசும்போது இடையிடையே மணி என்ன என்றும் சொன்னார். ஆட்டம் முடிந்தபோது 9 மணி 46 நிமிடம். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது, யாரும் கேட்கலாம். ஒரு ஆள், ஒரு ஒலிநாடா, கொஞ்சம் முன்யோசனை. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

நம் பக்கம் எதிர்க்கதை 1983 ஜூன் 18. டன்பிரிட்ஜ் வெல்ஸில் 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையிலிருந்து கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 அடித்தார். அதைப் படம் பிடிக்கத் தொலைக்காட்சிக் கேமரா இல்லை. இந்திய கிரிக்கெட்டையே திருப்பிப்போட்ட ஆட்டம், பார்த்தவர்களின் சொல்லாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதற்காக இன்றுவரை புலம்புகிறோம். ஆனால் ஒலிநாடாவும் கருவியும் பொறியாளரும் சொந்தமாக வைத்திருந்த வானொலியின் தமிழ் வர்ணனை என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. ஆகாசவாணி தன்னிடம் இருந்த பெரிய வித்வான்களின் கச்சேரிகளை ‘ஆகாசவாணி சங்கீத்’ என்று ஒலித்தட்டுகளாக வெளியிட்டது. நல்ல காரியம், இரண்டு கையாலும் கும்பிடலாம். கிரிக்கெட் வர்ணனைக்கு அந்த மரியாதை கிடைத்து நான் பார்க்கவில்லை. அரியக்குடியின் ஆலாபனைக்கும் ஜப்பாரின் ஒரு ஓவருக்கும் ஒரே தட்டு போட வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் 1980-களில் சாதாரணத் தமிழன் எந்தத் தமிழைக் கேட்டான், ஒரு புது ஆட்டத்துக்கு நம் மொழி எப்படி வளைந்துகொடுத்தது என்று நாளைக்கு ஒரு மாணவி ஆராய வந்தால், அவள் காதுக்குக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

2009-ல் தென்கச்சி கோ.சுவாமிநாதன் போனார். வானொலியில் அவர் சொன்ன ‘இன்று ஒரு தகவல்’ கேசட்டாகவும் புத்தகமாகவும் வந்திருந்ததால் அவரைப் பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். 2022-ல் சரோஜ் நாராயணசுவாமி போனார். செய்தி வாசிப்பவரின் குரலுக்கு ஆயுள் அன்றைய செய்தியோடு முடிந்துவிடுகிறது. அவர் பெயரைச் சொன்னவுடன் பலரும் தாங்களே அந்தக் குரலில் பேசிக் காட்டினார்கள். வர்ணனையாளர்களுக்கு அதுகூடக் கஷ்டம்.

இன்றைக்கு எடப்புளி நாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வர்ணனை அதிசயம் இல்லை. 2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்குத் தனி அலைவரிசையே தொடங்கியது. ஐ.பி.எல். வந்தால் சிக்னல் கிடைக்கிற பாறையில் உட்கார்ந்து கைபேசியில் பார்க்கிறார்கள். அரட்டையும் கிண்டலும் சினிமா வசனமுமாக அது வேறொரு தினுசு. படம் கண்ணெதிரே ஓடும்போது அப்படித்தான் இருக்கும், குறை சொல்ல மாட்டேன். எனக்கு அதில் பாதி பிடிக்கும், பாதி இரைச்சல். ஆனால் இன்று மைக் முன்னால் உட்காருகிறவர்கள் சரளமாகச் சொல்கிற சொற்களில் பல, சேப்பாக்கத்து வானொலி அறையில் சிலர் திக்கித் தடுமாறிச் சொல்லிப் பார்த்தவை என்பதை அவர்கள் ஒரு முறையாவது நேரலையில் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆகாசவாணி சென்னை நிலையத்துக்கு ஒரு வேண்டுகோள். கிடங்கில் பழைய வர்ணனை நாடா ஒன்றாவது தேறினால், பூஞ்சை பிடிப்பதற்குள் அதைக் கணினியில் ஏற்றி, பொங்கல் அன்று காலையில் ஒலிபரப்புங்கள். அறிவிப்பு கொடுத்துவிட்டுச் செய்யுங்கள், மலையிலும் கேட்க ஆள் இருக்கிறது. வாசகர்களுக்கும் ஒன்று. அன்றைக்கு வானொலிப் பெட்டிக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துச் சேப்பாக்கம் டெஸ்டைப் பிடித்து வைத்தவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். பரணில், தகர டப்பாவில், மேலே வேறு பாட்டின் பெயர் எழுதிய கேசட்டாக அது கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள். ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் மூன்று பேரில் ஒருவர் குரல் அதில் இருந்தாலும் இந்தப் பத்திரிகைக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு கேசட்டைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம்.